தட்டில் வளர்ப்பதா, தொட்டியில் வளர்ப்பதா? விவசாயக் கழிவிலிருந்து பூஞ்சை நொதி எடுக்க நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

விவசாயக் கழிவில் பூஞ்சை வளர்த்துத் தொழில் நொதி (என்சைம்) தயாரிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பூஞ்சையிலிருந்துதான் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். எந்த இனம் அதிகம் சுரக்கும், அது எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். இன்னும் சிலர் கழிவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்: ஆலைக்குப் பின்னால் சக்கை குவிந்து கிடக்கிறது, அதை ஏதாவது செய்ய வேண்டும். இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாங்குபவர் கையில் அந்த நொதி எந்த வடிவில் போய்ச் சேரப் போகிறது? தெளிந்த திரவமாகவா, அல்லது பூஞ்சை படர்ந்த தவிட்டையே உலர்த்தி அரைத்த பொடியாகவா? இதற்குப் பதில் தெரிந்தால் மற்ற முடிவுகளில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

காரணம், இந்தத் தொழிலில் வளர்ப்பது சுலபம், பிரித்தெடுப்பதுதான் செலவு. வடிகட்டி, செறிவாக்கி, கெடாமல் நிலைப்படுத்தி, புட்டியில் அடைத்துக் கொடுக்க வேண்டிய நொதிக்கு ஒரு வழி பொருந்தும். அப்படியே பொடியாகப் போட்டால் போதும் என்கிற நொதிக்கு வேறு வழி பொருந்தும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து எது சிறந்தது என்று கேட்பதில் பயனில்லை.

வழிகள் இரண்டு. ஈரப்படுத்திய தவிடு, சக்கை போன்றவற்றின் மேல், தனியாகத் தண்ணீர் தேங்காமல், பூஞ்சையைப் படரவிடுவது திடநிலை நொதித்தல். கலக்கியும் காற்றுக் குழாயும் உள்ள தொட்டியில், ஊட்டத் திரவத்துக்குள் வளர்ப்பது திரவநிலை நொதித்தல். முதலாவதுதான் பழையது. ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே, ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியை எடுக்கும் முறைக்கு 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அது டாக்கா டயஸ்டேஸ் என்ற பெயரில் செரிமான மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதாவது நவீன நொதித் தொழிலின் தொடக்கமே ஒரு விவசாயத் துணைப்பொருளில்தான் நடந்தது. பிறகு இரண்டாம் உலகப்போர் காலத்தில் பெனிசிலினுக்காகப் பெரிய ஆழ்தொட்டிகள் உருவாயின. அந்தப் பொறியியல் கைக்கு வந்ததும் மேலை நாட்டு நொதி ஆலைகள் தொட்டிப் பக்கம் சாய்ந்தன. கிழக்காசியாவில் தட்டும் தவிடும் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தன.

திடநிலையில் உண்மையான எதிரி வெப்பம்

ஆய்வகத்தில் 250 மில்லிலிட்டர் குடுவைக்குள் 10 கிராம் தவிட்டைப் போட்டு வளர்த்தால் எல்லாம் அழகாக நடக்கும். அந்த அழகை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் குளுக்கோஸ் முழுவதுமாகச் சுவாசத்தில் எரிந்தால் சுமார் 15.6 கிலோஜூல் வெப்பம் வரும். ஒரு கிலோ உலர் தவிட்டில் 100 கிராம் அப்படி எரிந்தது என்று வைத்துக்கொண்டால் 1,500 கிலோஜூலுக்கு மேல் ஆகிறது. 60 சதவீத ஈரப்பதத்தில் அந்த ஒரு கிலோவோடு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் இருக்கும். இந்த மொத்தத்தையும் ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 8 கிலோஜூல் போதும். வெப்பம் எங்கும் போகாமல் உள்ளேயே தங்கினால் கணக்குப்படி வெப்பநிலை 200 டிகிரி அளவுக்கு ஏற வேண்டும். நிஜத்தில் அப்படி ஏறாது. அதற்கு வெகு முன்னால், 45 டிகிரியை ஒட்டியே, நாம் வளர்க்கும் பூஞ்சை நின்றுவிடும். ஈர வைக்கோலைப் போராகக் குவித்தால் நடுவில் கை வைக்க முடியாதபடி கொதிப்பது இதே கதைதான்.

சரி, காற்றை ஊதி ஆற்றலாமே? ஆற்றலாம். ஆனால் காற்று முக்கியமாகத் தண்ணீரை ஆவியாக்கித்தான் வெப்பத்தைக் கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். மேலே சொன்ன 1,500 கிலோஜூலையும் இப்படியே வெளியேற்றினால் 600 மில்லிலிட்டருக்கு மேல் தண்ணீர் போய்விடும். 60 சதவீதமாக இருந்த ஈரப்பதம் 50-ஐ ஒட்டி இறங்கும். தவிடு காயும், வளர்ச்சி தளரும். தண்ணீர் தெளித்துக் கிளறலாம் என்றால், கிளறும்போது பூஞ்சையின் இழைகள் அறுபடும், வெளிக் கிருமி புகவும் வாய்ப்புக் கூடும். வெப்பம், ஈரம், கிளறல் மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. திடநிலை ஆலையின் வடிவமைப்பு முழுக்க இந்த இழுபறிக்குள்தான் நடக்கிறது.

அதனால்தான் தட்டுகளில் தவிட்டைச் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் பரப்புவதில்லை. உற்பத்தியை இரட்டிப்பாக்க வேண்டுமா, தட்டுகளை இரட்டிப்பாக்க வேண்டியதுதான். தட்டோடு சேர்ந்து அறையும் ஆட்களும் கூடும். அடியிலிருந்து ஈரக்காற்றை அழுத்தி ஊதும் நிரப்புப் படுகை இதைவிடக் குறைந்த இடத்தில் அதிகம் செய்யும். ஆனால் காற்று மேலே ஏற ஏறச் சூடாகும் என்பதால் படுகையின் மேல் அடுக்குதான் முதலில் பாதிக்கப்படும். தவிட்டை உள்ளே போட்டுச் சுழற்றும் சுழல் உருளை பார்க்க நன்றாக இருக்கும். ஒட்டும் தன்மையுள்ள தவிடு அதற்குள் உருண்டை உருண்டையாகத் திரளும். சிறிய அளவில் தொடங்குகிறவருக்கு நான் தட்டையே சொல்வேன். ஒரு தட்டு கெட்டால் ஒரு தட்டோடு போகும்.

தொட்டியின் சிக்கல் வேறு இடத்தில்

திரவநிலையில் வெப்பத்தைக் குளிர்நீர்க் குழாயால் எடுத்துவிடலாம். பி.எச். அளவு, ஊட்டம், வெப்பநிலை எல்லாம் திருகியைத் திருப்பினால் மாறும். பத்து லிட்டரில் செய்ததை ஆயிரம் லிட்டருக்கு எப்படிக் கொண்டு போவது என்பதற்குப் பல பத்தாண்டுப் பொறியியல் அறிவு இருக்கிறது. திடநிலையில் அந்தச் சௌகரியம் இன்னும் முழுதாக வரவில்லை.

இங்கே தடை ஆக்சிஜன். 30 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்பது 8 மில்லிகிராமுக்கும் குறைவு. பூஞ்சை இழைகள் பின்னிப் பெருகத் திரவம் கூழாக இறுகும். அதற்குள் காற்றைக் கொண்டுசேர்க்கக் கலக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின் கட்டணத்தில் பெரும் பங்கு இதற்குத்தான். போதாக்குறைக்கு நுரை பொங்கும்.

கழிவுப் பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்ற நம் நோக்கத்துக்கு இதைவிட முக்கியமான இன்னொரு குறை உண்டு. வைக்கோலையும் சக்கையையும் தொட்டிக்குள் அதிகம் போட முடியாது. நூற்றுக்குச் சில பங்கு நுண்துகளாகக் கலந்தாலே கலக்குவது கடினம். அதற்கு மேல் போக வேண்டுமானால் கழிவை முதலில் அமிலத்திலோ நீராவியிலோ சிதைத்துச் சர்க்கரைக் கரைசலாக்க வேண்டும். அப்படிச் சிதைக்கும்போது ஃபர்ஃபியூரல் போன்ற நச்சுகள் உண்டாகிப் பூஞ்சையையே தடுக்கும். பெரிய ஆலைகள் தொட்டியில் செல்லுலேஸ் (செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி) தயாரிக்க லாக்டோஸ் போன்ற கரையும் சர்க்கரைகளை நாடுவதில் வியப்பில்லை. டிரைக்கோடெர்மா ரீசை என்ற பூஞ்சையின் மேம்படுத்திய தொழில் ரகங்கள் இப்படி லிட்டருக்கு 100 கிராம் வரை புரதத்தை வெளியே சுரக்கின்றன. அந்த அளவோடு கழிவுக் குழம்பு போட்டியிட முடியாது. எனவே கழிவு என்ற சொல் உங்கள் திட்டத்தின் மையத்தில் இருந்தால், மனம் தானாகத் திடநிலைப் பக்கம் போவது நியாயமே.

திடநிலைக்கு இன்னொரு சாதகம் உண்டு. குளுக்கோஸ் கைக்கு எட்டும்போது பூஞ்சை மெனக்கெட்டுச் செல்லுலேஸோ, பெக்டினைச் சிதைக்கும் பெக்டினேஸோ தயாரிக்காது. அந்த மரபணுக்களை அடக்கி வைக்கும். தொட்டியில் சர்க்கரை கொஞ்சம் கூடினாலே இது நடக்கும். தவிட்டுத் துகளுக்குள் சர்க்கரை மெதுவாக வெளிப்பட்டு உடனே தின்னப்படுவதால் இந்த அடக்குமுறை தளர்கிறது. பெக்டினேஸ் விஷயத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

அலகுகளை ஒப்பிடும்போது கவனம்

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து முடிவெடுக்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. நொதியின் செயல்திறனை அலகுகளில் சொல்வார்கள். திடநிலை முடிவுகள் ஒரு கிராம் உலர் பொருளுக்கு இத்தனை அலகு என்று வரும். திரவநிலை முடிவுகள் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை அலகு என்று வரும். கிராமுக்கு 100, மில்லிலிட்டருக்கு 10 என்று பார்த்ததும் திடநிலை பத்து மடங்கு சிறந்தது என்று தோன்றும். ஆனால் தவிட்டிலிருந்து நொதியைக் கழுவியெடுக்கக் கிராமுக்குப் பத்து மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, 80 சதவீதம் மீட்டால், கையில் வருவது மில்லிலிட்டருக்கு 8 அலகுதான். ஐந்து மில்லிலிட்டரில் கழுவினால் செறிவு கூடும், ஆனால் தவிடு பஞ்சுபோல் திரவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மீட்பு குறையும்.

செல்லுலேஸாக இருந்தால் எந்த அளவு முறை என்றும் பாருங்கள். வடிதாள் அலகு, அதாவது வடிதாள் துண்டைச் சிதைக்கும் திறனைக் கொண்டு கணக்கிடுவது, முழு நொதித் தொகுதியின் வலிமையைச் சொல்லும். கரையும் செல்லுலோஸ் வழிப்பொருளை வைத்து அளந்தது அதில் ஒரு பகுதியை மட்டும் சொல்லும். எண்ணும் பல மடங்கு பெரிதாக வரும். தவிட்டுச் சாற்றில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையைக் கழிக்காமல் விட்டாலும் எண் வீங்கும்.

ஆக, கழுவியெடுத்துத் தெளிந்த திரவமாக விற்கப் போகிறீர்கள் என்றால் திடநிலையின் சாதகத்தில் பெரும்பகுதி கழுவும் தண்ணீரோடு போய்விடுகிறது. சாற்றோடு நிறம், டானின், வித்துகள், கரைந்த புரதம் எல்லாம் வரும். மறுபக்கம், பொடியாகவே விற்கலாம் என்றால் தொட்டிக்காரர் செய்ய வேண்டிய வடிகட்டல், நுண்சவ்வுச் செறிவாக்கம், தெளிப்பு உலர்த்தல் எதுவும் உங்களுக்கு இல்லை. 40 டிகிரியை ஒட்டிய காற்றில் உலர்த்தி அரைத்தால் பெரும்பாலும் போதும்.

எந்த நொதிக்கு எந்த வழி

கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் ஃபைட்டேஸ் பொடி வடிவத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. தானியங்களில் பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டிக் அமிலமாகக் கட்டுண்டு கிடக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் அதை விடுவிக்கத் தெரியாது. ஃபைட்டேஸ் அதைச் செய்கிறது. 1991-இல் சந்தைக்கு வந்த நேச்சுஃபோஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் நொதியை அடிப்படையாகக் கொண்டது. தீவனத்தில் போடுகிறவருக்குத் தவிடு ஒரு கலப்படமாகத் தெரியாது, அதுவும் தீவனம்தான். கூடவே சைலனேஸ், புரோட்டியேஸ் எனத் துணை நொதிகள் கலந்திருப்பதும் நன்மையாகவே முடியும். ஒரே இடறல்: தீவனத்தைக் குருணையாக்கும்போது 80 டிகிரிக்கு மேல் நீராவி படும். அதைத் தாங்கும் நொதியா என்று முன்னதாகவே பார்த்துவிட வேண்டும்.

சலவைத்தூளுக்கான நொதி என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது. அங்கே காரத்தைத் தாங்கும் பாக்டீரியா புரோட்டியேஸ்கள் ஆள்கின்றன. பூஞ்சை நொதிகள் பொதுவாக அமில, நடுநிலைப் பக்கம் வேலை செய்பவை. 1988-இல் வந்த லிப்போலேஸ் என்ற சலவை லிப்பேஸ் (கொழுப்பைச் சிதைக்கும் நொதி) பூஞ்சை வழி வந்ததுதான். ஆனால் அது தெர்மோமைசிஸ் லனுஜினோசஸ் என்ற பூஞ்சையின் மரபணுவை ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேக்குள் வைத்துத் தொட்டியில் தயாரித்தது. தவிட்டுத் தட்டு நுழையும் இடமல்ல.

பழச்சாற்றைத் தெளிவாக்கும் பெக்டினேஸ் நடுவில் நிற்கிறது. திரவம் வேண்டும், ஆனால் அதீதத் தூய்மை வேண்டியதில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை வகைத் தோலில் பெக்டின் நிறைய இருப்பதால் அதைத் தவிட்டோடு கலந்து ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரை வளர்த்தால் பெக்டின்தான் நொதி சுரப்பைத் தூண்டும். இங்கே திடநிலையில் வளர்த்து, கழுவி, வடிகட்டி, குளிரில் வைத்து, பக்கத்திலேயே பயன்படுத்துவது நடக்கக்கூடிய திட்டம். தூரத்துக்கு அனுப்ப வேண்டும் என்றால் தொட்டி.

செல்லுலேஸைப் பற்றி ஆர்வம் அதிகம், லாபம் கடினம். வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைக்குள்ளேயே, தன் தேவைக்காக மட்டும், சுத்திகரிக்காமல் பயன்படுத்துவதாக இருந்தால் யோசிக்கலாம். வெளிச்சந்தையில் விற்பதற்காகத் தட்டில் செல்லுலேஸ் தயாரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லிக்னினைத் தாக்கும் லாக்கேஸ் வேண்டும் என்றால் சிப்பிக் காளான் போன்ற வெண்ணழுகல் பூஞ்சைகள் இருக்கின்றன. அவை மெதுவாக வளரும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காளான் பண்ணையே நடத்துபவருக்கு மட்டும் ஒரு வசதி: அறுவடை முடிந்த படுக்கையில் லாக்கேஸ் மிச்சம் இருக்கும், அதைக் கழுவியெடுக்கலாம்.

எந்தக் கழிவு

கோதுமைத் தவிட்டை யாரும் வெல்ல முடியவில்லை என்பது கொஞ்சம் சலிப்பூட்டும் உண்மை. மாவுச்சத்து, சைலான், புரதம், தாதுக்கள் எல்லாம் அதில் இருக்கின்றன; துகள்களுக்கு இடையே காற்றும் போகும். ஆனால் அது கழிவே அல்ல, தீவனச் சந்தையில் விலைபோகும் பொருள். இலவசமாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் முதல் ஆண்டிலேயே திருத்த வேண்டியிருக்கும்.

கரும்புச் சக்கை தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், படுகை அமுங்காமல் நிற்கும், ஆனால் நைட்ரஜன் மிகக் குறைவு. அதனால் தனி உணவாக இல்லாமல் தவிட்டோடு சேர்க்கும் சட்டகமாக அது நல்லது. வைக்கோலில் சிலிக்கா அதிகம்; நறுக்கி, காரத்தில் ஊறவைத்து, யூரியாவோ அமோனியம் உப்போ சேர்த்தால்தான் பூஞ்சை பிடிக்கும். இந்த முன்வேலையின் செலவையும் கழுவிய தண்ணீரையும் சேர்த்தால் வைக்கோல் மலிவு என்பது கேள்விக்குரியதாகிவிடும். நெல் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறும். லிப்பேஸ், புரோட்டியேஸ் வேண்டுபவர்களுக்குப் பிண்ணாக்கு வகைகள் பொருந்தும், ஆனால் நிலக்கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். பழத்தோல்களில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். சேர்த்து வைத்தால் ஓரிரு நாளில் அழுகும். அதோடு ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் எண்ணெயே நுண்ணுயிர்களைத் தடுக்கக்கூடியது.

மலிவை விட முக்கியம், ஆண்டு முழுக்க ஒரே மாதிரி கிடைப்பது. இந்த மாதம் கிராமுக்கு 100 அலகும் அடுத்த மாதம் 60 அலகும் தரும் கழிவை வைத்துக்கொண்டு வாங்குபவருக்கு எந்த உறுதியும் கொடுக்க முடியாது.

பூஞ்சையை எங்கிருந்து எடுப்பது

டிரைக்கோடெர்மா ரீசையின் மூல ரகமான கியூஎம்6ஏ, இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணிகளை அரித்த பூஞ்சை. அதிலிருந்து வழிவழியாக மாற்றம் செய்து வந்த ரட்-சி30 ரகத்தில், குளுக்கோஸ் இருந்தால் சுரப்பை அடக்கும் மரபணு பழுதாகிக் கிடக்கிறது. அந்தப் பழுதுதான் அதன் பலம். ஒரு குறை: செல்லுலோஸ் சிதைவின் கடைசிப் படியைச் செய்யும் பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற நொதியை இந்த இனம் குறைவாகவே சுரக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் அதை நன்றாகச் சுரக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வளர்த்துவிடலாமே என்று தோன்றும். தனித்தனியாக வளர்த்துச் சாற்றைக் கலப்பதுதான் என் தேர்வு. ஒன்றாக வளர்த்தால் எது எதை மிஞ்சி வளரும் என்பது ஈரம், வெப்பம், கழிவு எதில் சற்று மாறினாலும் மாறும்.

சொந்த மண்ணிலிருந்தே புது ரகம் பிரித்தெடுக்கும் ஆர்வம் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இருக்கட்டும். தீவனத்துக்கோ உணவுக்கோ போகும் நொதி என்றால் அங்கீகரித்த நுண்ணுயிர்க் காப்பகத்திலிருந்து, நச்சு விவரம் தெரிந்த ரகத்தை வாங்குவதே சரி. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் சில ரகங்கள் ஓக்ராடாக்சின் என்ற நச்சைத் தயாரிக்கும். பாதுகாப்பானதென்று பெயரெடுத்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேவுக்கு, அஃப்ளடாக்சின் தரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் மிக நெருங்கிய உறவு. கண்ணால் பார்த்துப் பிரிப்பது எளிதல்ல.

பொடி வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டிய செலவு தூசி. நொதித் தூளும் வித்துகளும் மூச்சில் போனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரும். சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த மூச்சு நோய் 1969-இல் மருத்துவ இதழ்களில் வெளியான பிறகுதான் நொதியைக் குருணையாக்கி மேலே பூச்சுப் பூசும் வழக்கம் வந்தது. அரைக்கும் அறைக்குத் தனிக் காற்றோட்டம், வேலை செய்பவர்களுக்கு வடிகட்டியுள்ள முகக்கவசம், முடிந்தால் குருணையாக்கும் இயந்திரம் ஆகிய மூன்றையும் முதல் நாள் முதலீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பூஞ்சை அடர்த்தியாக வித்துக் கட்டுவதற்கு முன்னரே பல நொதிகள் உச்சத்தைத் தொட்டுவிடும் என்பதால், மணிக்கணக்கு வைத்துச் சோதித்து அறுவடை நேரத்தைச் சற்று முன்னே தள்ளினால் தூசியும் குறையும்.

இயந்திரம் வாங்குவதற்கு முன் சில கிலோ பொடியைத் தட்டில் தயாரித்து, வாங்கக்கூடியவரிடமே கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அவருடைய பி.எச். அளவிலும் வெப்பநிலையிலும் செயல்திறன் எவ்வளவு, அறை வெப்பத்தில் மூன்று மாதம் வைத்த பிறகு எவ்வளவு மிச்சம், ஈரப்பதம், மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை, பூஞ்சை நச்சு அளவு. இந்த ஐந்தும் அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். பொடியை அவர் ஏற்றுக்கொண்டால் தட்டு வாங்கலாம். வடிகட்டிய திரவம்தான் வேண்டும் என்றால், தொட்டியில் அதே நொதியைத் தயாரிப்பவரிடம் விலை கேட்டுப் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம்.